இதய நோயாளி வீட்டுக்குப் போன பிறகு: குமரி மாவட்டத்தில் செவிலியர் ஆய்வு என்ன செய்ய முடியும்?

தக்கலை சிஸ்டர்

இதய வார்டில் வேலை செய்கிறவர்கள், எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறவர்கள், வீட்டில் இதய நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து பேச வேண்டிய விஷயம் இது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பம்பிங் குறைந்த, அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைந்த நோயாளிகள் எங்கள் வார்டுக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். கால் வீங்கியிருக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு மூன்று இரவு சுவரில் சாய்ந்தே தூங்கியிருப்பார்கள். ஊசி போட்டு நீர் இறங்கியதும் முகம் தெளிந்துவிடும், வீட்டுக்கு எப்போது விடுவீர்கள் என்று கேட்கத் தொடங்குவார்கள். மாத்திரைக் கவரையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையில் கொடுத்து, "உப்பைக் குறைங்க, தண்ணி அளவா குடிங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்புகிறோம். அந்த மாதம் முடியும் முன்பே பலர் அதே வீக்கத்தோடு வந்து நிற்கிறார்கள்.

இடையில் என்ன நடந்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. நீர் மாத்திரை போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டும் என்பதால், பஸ்ஸில் போகிற நாளெல்லாம் அதை விட்டுவிட்டாரா? மீன் கிடைக்காத நாளில் கருவாடும் ஊறுகாயும் தொட்டுக் கஞ்சி குடித்தாரா? வீட்டில் எடை பார்க்கும் கருவி உண்டா? மூச்சு முட்டத் தொடங்கிய முதல் நாளில் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருந்ததா? இது எதுவும் எக்கோ ஸ்கேனில் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து செவிலி கேட்டால்தான் வெளியே வரும்.

1995-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. இதயச் செயலிழப்பு, அதாவது உடம்புக்குத் தேவையான ரத்தத்தை இதயம் தள்ள முடியாத நிலையில் இருந்த, 70 வயதுக்கு மேற்பட்ட 282 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்குச் செவிலி முன்னின்று நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். உணவைப் பற்றிப் பேசினார்கள், மாத்திரைகளைச் சரிபார்த்தார்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், போனில் விசாரித்தார்கள். 90 நாளில் இதயச் செயலிழப்புக்காக மறுபடி அட்மிட் ஆன தடவைகள், முதல் பாதியில் 54, மறு பாதியில் 24. புது மருந்து எதுவும் கொடுத்து வந்த வித்தியாசம் இல்லை இது.

நம் மாவட்டத்தில் நர்சிங் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. வருடா வருடம் தீசிஸ் எழுதப்படுகிறது. அதில் ஒன்றாவது வார்டுக்குத் திரும்பி வந்து நோயாளிக்கு உதவியிருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மகன்

சிஸ்டர், எங்கள் வீட்டுக் கதையையே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் ஸ்டென்ட் வைத்தோம், இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய். களியக்காவிளை தாண்டினால் அரை நாளில் போய் வந்துவிடலாம் என்பதால் எங்கள் பக்கம் பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள். அங்கே கொடுத்த சம்மரி முழுக்க ஆங்கிலம். இங்கே பக்கத்து கிளினிக்கில் காட்டினால் ஒரு மாத்திரையை நிறுத்தி வேறொன்று எழுதினார்கள். பழையதையும் புதியதையும் சேர்த்து அப்பா கொஞ்ச நாள் போட்டிருக்கிறார், இரண்டும் ஒரே மருந்து, கம்பெனி மட்டும் வேறு. தலைசுற்றி விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதை யாரிடம் கேட்பது என்றுகூட அப்போது தெரியவில்லை. போன் செய்து கேட்க ஒரு செவிலி இருந்திருந்தால் அப்பா விழுந்திருக்க மாட்டார்.

நாகர்கோவில் டீச்சர்

நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், தீசிஸுக்கு வழிகாட்டவும் செய்கிறேன். சிஸ்டரின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: மிகக் குறைவு.

காரணம் அமைப்பில் இருக்கிறது. மாணவிக்கு டேட்டா சேகரிக்கக் கிடைப்பது சில வாரங்கள். அதற்குள் முடிகிற மாதிரி தலைப்பு வேண்டும். அதனால் எல்லாரும் போகிற வழி ஒன்றுதான். ஒரு வினாத்தாள் கொடு, சார்ட் வைத்து முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடு, ஏழாம் நாள் அதே வினாத்தாளை மறுபடி கொடு, மதிப்பெண் கூடியது என்று எழுது. மதிப்பெண் கூடாமல் எப்படி இருக்கும்? சொல்லிக்கொடுத்ததைத்தானே கேட்கிறோம். "உப்பு கெடுதல்" என்று சரியாக டிக் போட்டவர் வீட்டில் உப்பைக் குறைத்தாரா, மறுபடி அட்மிட் ஆனாரா என்பது தீசிஸ் பைண்டிங் ஆன பிறகு நடக்கிற விஷயம். அதைப் பார்க்க யாரும் இல்லை.

மாணவிகளைக் குறை சொல்லவில்லை. நல்ல கேள்வியோடு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர் விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார், காலை மாத்திரையை எப்போது போடுவார் என்று குலசேகரம் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள். எனக்கு அது அருமையான ஆய்வுக் கேள்வி. கடைசியில் அவளும் காலக்கெடுவுக்குப் பயந்து வினாத்தாள் பக்கமே போய்விட்டாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

குழித்துறை டாக்டர்

சிஸ்டர் சொல்கிற அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் ஓர் ஆய்வை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. நெதர்லாந்தில் 1023 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, கோச் என்று பெயர், 2008-ல் முடிவு வந்தது. செவிலியரின் கூடுதல் கவனிப்பு, அதைவிடத் தீவிரமான கவனிப்பு, வழக்கமான சிகிச்சை என்று மூன்று பிரிவு. 18 மாதம் தொடர்ந்தார்கள். இறப்பிலும் மறு அட்மிஷனிலும் உறுதியான வித்தியாசம் வரவில்லை. நம் பக்கத்துக் கேரளத்தில் 63 மருத்துவமனைகளில் 21 ஆயிரத்துக்கும் அதிகமான மாரடைப்பு நோயாளிகளை வைத்து, செக்லிஸ்ட், ஆடிட் என்று தரம் உயர்த்தும் முயற்சி நடந்தது. 2018-ல் வந்த அதன் முடிவிலும் பெரிய விளைவுகள் தெளிவாக மாறவில்லை.

எனவே "சிஸ்டர் போன் பண்ணினால் போதும்" என்று எளிமையாக்கிவிட வேண்டாம். சரியான மருந்து, சரியான அளவு, அதுதான் முதலில்.

நாகர்கோவில் டீச்சர்

டாக்டர், அந்த நெதர்லாந்து ஆய்வை நடத்தியவர் டைனி யார்ஸ்மா, அவரே ஒரு செவிலியர் ஆய்வாளர். தன் துறைக்குச் சாதகமாக வராத முடிவை மறைக்காமல் வெளியிட்டார். எனக்கு அதில்தான் மரியாதை.

இன்னொன்று. அங்கே வழக்கமான சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களையும் இதய மருத்துவர் அடிக்கடி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏற்கெனவே நன்றாகக் கவனிக்கப்படுகிறவர்களுக்கு மேலும் கொஞ்சம் சேர்த்தால் வித்தியாசம் தெரிவது கஷ்டம். நம் நோயாளிக்கு டிஸ்சார்ஜுக்குப் பிறகு யாருமே இல்லை. பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இதயச் செயலிழப்பில் தனிப் பயிற்சி பெற்ற செவிலி தொடர்ந்து கவனிக்கிற முறை மறு அட்மிஷனைக் குறைக்கிறது என்றே தெரிகிறது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் தன் வழிகாட்டுதலில் இப்படிக் குழுவாகக் கவனிப்பதை உறுதியாகப் பரிந்துரைக்கிறது.

மருந்துதான் முதலில் என்கிறீர்கள். சரி, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். திருவனந்தபுரம் மாவட்டத்தின் இதயச் செயலிழப்புப் பதிவேட்டைப் பாருங்கள். 2013-ல் 18 மருத்துவமனைகளில் 1205 பேரைச் சேர்த்தார்கள். சராசரி வயது 61. ஒரு வருடத்தில் ஏறக்குறைய 31 சதவீதம் பேர், மூன்று வருடத்தில் 45 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். பம்பிங் குறைந்தவர்களில் வீட்டுக்குப் போகும்போது வழிகாட்டுதல்படி மருந்து பெற்றவர்கள் நாலில் ஒரு பங்குதான். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற, நம்மைப் போலவே சாப்பிடுகிற மக்கள். எழுதப்பட்ட மருந்து வயிற்றுக்குள் போகிறதா, அளவு கூட்ட வேண்டிய நேரத்தில் கூட்டப்படுகிறதா என்று பின்தொடர ஓர் ஆள் வேண்டாமா?

அருமனை செவிலி, இங்கிலாந்து

டீச்சர் கடைசியாகக் கேட்ட வேலையைத்தான் நான் இங்கே செய்கிறேன். சொந்த ஊர் அருமனை, படித்தது நாகர்கோவில் பக்கம், இப்போது இங்கிலாந்தில் இதயச் செயலிழப்பு செவிலி.

இங்கே நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வாரத்துக்குள் எங்கள் குழுவில் ஒருவர் பார்த்தாக வேண்டும், தேசிய வழிகாட்டுதல் அப்படி. எடை, பிரஷர், கால் வீக்கம், ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலை எல்லாம் பார்ப்போம். தனிப் படிப்பு முடித்த செவிலிக்கு இங்கே மருந்து எழுத அனுமதி உண்டு. இதயத் துடிப்பை நிதானப்படுத்துகிற பீட்டா பிளாக்கர் மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது பெரும்பாலும் எங்கள் கையில்தான். இந்த உரிமை சும்மா வரவில்லை. செவிலி கவனித்தால் பாதுகாப்பானது, பலன் உண்டு என்று ஆய்வு செய்து காட்டிக் காட்டித்தான் வந்தது.

ஊரில் மருந்து எழுத முடியாது, சரி. ஆனால் டிஸ்சார்ஜ் ஆன ஒரு வாரத்துக்குள் போன் செய்து எடை கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லையே அக்கா. எடை கூடுகிறது என்று தெரிந்தால் டாக்டரிடம் சொல்லி நீர் மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம். ஐசியு பெட் ஒன்று மிச்சம்.

கொல்லங்கோடு மகள்

மன்னிக்கவும், நான் செவிலியும் இல்லை, டாக்டரும் இல்லை. என் அம்மா முந்திரி ஆலையில் குத்தவைத்துப் பருப்பு உரிக்கிறவர். சில வாரமாகவே சொல்ல முடியாத அசதி என்றார். ராத்திரி தூக்கம் இல்லை. நெஞ்சு வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தோளும் முதுகும் கழன்று போகிற மாதிரி இருக்கிறது என்றார். காட்டிய இடத்தில் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். வீட்டிலும் சுக்கு தட்டிப் போட்டுக் கொடுத்தோம். பிறகு ஈசிஜி எடுத்தபோது மாரடைப்பு வந்து போயிருக்கிறது என்றார்கள். பெண்களுக்கு இப்படித்தான் வருமா? செவிலியர் ஆய்வில் இதைப் பற்றி ஏதாவது உண்டா?

தக்கலை சிஸ்டர்

உண்டு மக்களே. இதைக் கண்டுபிடித்துச் சொன்னதே ஒரு செவிலியர் ஆய்வாளர்தான். அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் ஜீன் மெக்ஸ்வீனி என்பவர், மாரடைப்பு வந்து பிழைத்த 515 பெண்களிடம் விரிவாகப் பேசி 2003-ல் எழுதினார். அவர்களில் 95 சதவீதம் பேருக்கு மாரடைப்புக்கு முன்பே ஏதோ ஓர் அறிகுறி இருந்திருக்கிறது, பலருக்கு ஒரு மாதத்துக்கும் மேலாக. அதிகம் பேர் சொன்னது வழக்கத்துக்கு மாறான அசதி, சுமார் 71 சதவீதம். அடுத்தது தூக்கக் கெடுதி, ஏறக்குறைய பாதிப் பேர். மாரடைப்பு வந்த நேரத்திலும் 43 சதவீதம் பேருக்கு நெஞ்சு வலியே இல்லை.

உங்கள் அம்மா சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். ஆண்களின் நெஞ்சு வலியை வைத்தே எல்லாரும் படித்ததால் பெண்களின் அசதி காதில் விழவில்லை. அந்தப் பெண்களிடம் ஒரு செவிலி உட்கார்ந்து முழுக்கக் கேட்டதால் இன்று பாடப்புத்தகம் மாறியிருக்கிறது. நம் முந்திரி ஆலைப் பெண்களிடம் யாராவது இப்படிக் கேட்டிருக்கிறோமா? நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை, முதுகு வலியை வேலையின் பங்கு என்றே நினைத்திருப்பார்கள். மாரடைப்பின் முதுகு வலியை அவர்கள் எப்படிப் பிரித்துச் சொல்வார்கள்? இது குமரி மாவட்டத்துக்கே உரிய ஆய்வுக் கேள்வி. வெளியூர்க்காரர் யாரும் வந்து செய்து தர மாட்டார்கள்.

அம்மாவை செக்கப்புக்குத் தவறாமல் கூட்டிப் போங்கள். அசதி மறுபடி வந்தால் சுக்கு வேண்டாம், நேராக ஈசிஜி.

தூத்தூர் கடலோடி

எங்கள் ஊர் ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஸ்டென்ட் வைத்தவரும் போகிறார், போகாவிட்டால் வீடு ஓடாது. டாக்டர் 30 நாளுக்கு மாத்திரை எழுதுவார். கடலில் நாற்பதாவது நாள் மாத்திரை இருக்காது. சிலர் கடலில் ரத்தம் வந்தால் நிற்காது என்று பயந்து மாத்திரையைப் படகுக்கே எடுத்துப் போவதில்லை. மீன்பிடிக்கும்போது முள்ளும் தூண்டிலும் கையைக் கிழிக்கத்தான் செய்யும். இதை மருத்துவமனையில் யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

குழித்துறை டாக்டர்

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துப் பதறிவிட்டேன். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில், ரத்தம் உறையாமல் தடுக்கிற ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துவிடலாம். நடுக்கடலில் அது வந்தால் உயிர் பிழைப்பது அபூர்வம். கடலுக்குப் போகும் முன் டாக்டரிடம் "எத்தனை நாள் போகிறேன்" என்று சொல்லி, அதற்கு மேலும் இரண்டு வாரத்துக்குச் சேர்த்து எழுதி வாங்குங்கள். வாட்டர்ப்ரூஃப் டப்பாவில் இரண்டு இடத்தில் வையுங்கள். கை கிழிந்தால் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும், கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்து எவ்வளவு காலம் கழித்துக் கடலுக்குப் போகலாம் என்பதையும் உங்கள் இதய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிஸ்டர், டீச்சர், உங்கள் பக்கம் ஒரு படி வருகிறேன். டிஸ்சார்ஜ் நேரத்தில் "என்ன வேலை, எத்தனை நாள் வெளியே இருப்பீர்கள்" என்று கேட்கிற இரண்டு வரிப் படிவம் மாத்திரை நிற்பதைக் குறைக்கிறதா என்று பார்த்தால், அது எனக்கும் பயன்படும் ஆய்வு.

கிராமத்துக் களப்பணியாளர்

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து நாங்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறோம். 2023-லிருந்து இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே நெஞ்சு வலிக்கு முதல் டோஸ் மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின். கொடுத்துவிட்டு 108-ல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

நான் சொல்ல வந்தது, வீட்டுக்குப் போக ஆள் ஏற்கெனவே இருக்கிறோம். ஆனால் எந்த வீட்டில் பம்பிங் குறைந்தவர் புதிதாக டிஸ்சார்ஜ் ஆகி வந்திருக்கிறார் என்று மருத்துவமனையிலிருந்து எங்களுக்குத் தகவல் வருவதில்லை. போன இடத்தில் பார்த்தால்தான் உண்டு.

நாகர்கோவில் டீச்சர்

இதற்கு இந்தியாவிலேயே ஆதாரம் இருக்கிறது. மாரடைப்பு வந்து வீடு திரும்பியவர்களைச் சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய்த் தொடர்ந்து பார்க்கிற ஆய்வு, 14 மருத்துவமனைகளிலிருந்து 800-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்தது, 2016-ல் வெளியானது. ஒரு வருட முடிவில் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவர்கள் வழக்கமான கவனிப்பில் 92 சதவீதம், பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிரிவில் 97 சதவீதம். களப்பணியாளர் தங்கச்சி, நீங்கள் எழுதியது என் அடுத்த மாணவிக்குத் தலைப்பாகிவிட்டது.

நைட் டியூட்டி நர்ஸ்

நல்ல பேச்சு. ஆனால் யார் போன் செய்வது? எந்த நேரத்தில்? இந்திய செவிலியர் கவுன்சில் விதிப்படி ஐசியுவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலி. எங்கே இருக்கிறது சொல்லுங்கள். மானிட்டர் அலாரம் விடாமல் அடிக்கும், முதல் வாரம் ஓடி ஓடிப் பார்ப்போம், அப்புறம் காது பழகிவிடும். அந்தப் பழக்கம்தான் ஆபத்து என்று எனக்கே தெரியும்.

கலிபோர்னியாவில் பார்பரா ட்ரூ என்ற செவிலியர் விஞ்ஞானி ஐந்து ஐசியுக்களில் ஒரு மாதத்து அலாரங்களை முழுக்கப் பதிவு செய்தார். 2014-ல் வெளியிட்டார். 461 நோயாளிகளுக்கு 25 லட்சத்துக்கும் மேல் அலாரம். சத்தத்தோடு அடித்தது மட்டும் ஒரு கட்டிலுக்கு ஒரு நாளில் 187. இதயத் துடிப்புக் கோளாறு என்று அடித்தவற்றில் அவர்கள் சரிபார்த்ததில் ஏறக்குறைய 89 சதவீதம் பொய். இப்படி எண்ணிக் காட்டினால்தான் எந்த அலாரத்தின் வரம்பை நோயாளிக்கு ஏற்ப மாற்றலாம் என்று பேச முடியும். நான் இதைப் படிக்கும் வரை காது பழகியது என் குறை என்றே நினைத்திருந்தேன்.

லிண்டா எய்கன் 2002-ல் எழுதியதையும் சொல்லாமல் விட முடியாது. பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகள். அறுவை சிகிச்சை நோயாளிகளில் ஒரு செவிலிக்கு ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஆள் போடுங்கள் என்று நாம் கெஞ்சுவதை அவர் கணக்கு போட்டுக் காட்டினார். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இருக்கிறவர்கள் இரண்டு பேர் வேலையைச் செய்கிறோம். இதில் ஆய்வும் செய் என்றால், அதற்கென்று டியூட்டி நேரத்தில் இடம் ஒதுக்க வேண்டும். வீட்டுக்குப் போய் எழுது என்று சொல்லக் கூடாது.

அருமனை செவிலி, இங்கிலாந்து

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் ஊரை விட்டு வந்ததற்கும் அதுதான் காரணம்.

ஒன்று மட்டும். 1960களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்சர் என்ற டாக்டரும் ரோஸ் பின்னியோ என்ற செவிலியும் ஓர் ஆய்வாகத்தான் இதய ஐசியுவைத் தொடங்கினார்கள். அதுவரை ஈசிஜி படிப்பதும் ஷாக் கொடுப்பதும் டாக்டர் வேலை. டாக்டர் ஓடி வருவதற்குள் நோயாளி போய்விடுவார். பக்கத்தில் நிற்கிற செவிலியே செய்தால் என்ன என்று கேட்டார்கள், பயிற்சி கொடுத்துச் செய்து காட்டினார்கள். இன்று நாம் மானிட்டரைப் பார்த்தவுடன் கை தானாக ஷாக் கொடுக்கிற டிஃபிப்ரிலேட்டருக்குப் போகிறதே, அது அங்கிருந்து வந்தது.

தக்கலை சிஸ்டர்

ஆள் குறைவை மறைத்துவிட்டு ஆய்வு பேசுவது நியாயமில்லை, நைட் டியூட்டி தங்கச்சியின் பக்கம்தான் நானும். அதனால் சிறியதாகத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். டீச்சரின் மாணவிகள், எங்கள் வார்டு, களப்பணியாளர்கள் மூன்று பேரும் சேர்ந்தால் முடிகிற அளவுக்கு.

டிஸ்சார்ஜ் ஆகிற பம்பிங் குறைந்த நோயாளிக்குத் தமிழில் ஒரு பக்கத் தாள். எந்த மாத்திரை எதற்கு, எந்த எடைக்கு மேல் போனால் யாரைக் கூப்பிட வேண்டும். ஏழாம் நாள் மாணவி போன் செய்வாள், களப்பணியாளர் அடுத்த சுற்றில் வீட்டில் பார்ப்பார். வினாத்தாள் மதிப்பெண் வேண்டாம். 90 நாளில் எத்தனை பேர் மறுபடி அட்மிட் ஆனார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், அதைத்தான் எண்ண வேண்டும். ஒரு பேட்ச் மாணவி தொடங்கியதை அடுத்த பேட்ச் தொடரட்டும், அப்போது சில வாரம் என்கிற தடை போய்விடும். நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இரண்டும் முதலில். பலன் வராவிட்டால் வரவில்லை என்றே எழுதுவோம். டாக்டர், தாளில் மருந்துப் பகுதியை நீங்கள் சரிபார்த்துத் தருவீர்களா?

குழித்துறை டாக்டர்

தருகிறேன். உப்பைப் பற்றி எழுதும்போது மட்டும் கவனம். 2022-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், உப்பை மிகக் கடுமையாகக் குறைத்தும் இறப்போ அட்மிஷனோ குறையவில்லை. வயதானவர்கள் சாப்பாடே வேண்டாம் என்று விட்டுவிடுகிற அளவுக்குப் பயமுறுத்த வேண்டாம். கருவாடு, ஊறுகாய், பப்படம் குறைத்து, சமையலில் அளவோடு போடச் சொல்லுங்கள், போதும்.

மார்த்தாண்டம் மகன்

தாள் தயாரானதும் இங்கேயே போடுங்கள் சிஸ்டர், அப்பாவிடம் படித்துக் காட்டி எது புரியவில்லை என்று எழுதுகிறேன். எடைக் கருவி எந்த மாதிரி வாங்க வேண்டும்? எந்த நேரம் பார்க்க வேண்டும்?

தக்கலை சிஸ்டர்

சாதாரண டிஜிட்டல் கருவி போதும். கொழுப்பு எவ்வளவு என்று காட்டுகிற வகை வேண்டாம், அது உடம்பில் லேசாக மின்சாரம் செலுத்திப் பார்க்கும், பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆகாது. சமமான தரையில் வையுங்கள், பாய் மேலே வேண்டாம். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, கஞ்சி குடிக்கும் முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில். தினசரிக் காலண்டரில் அந்தத் தேதியிலேயே எடையை எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். செக்கப்புக்கு வரும்போது எழுதிய தாள்களையும், வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் பழையது உட்பட ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.